எதிர்ப்பக்கம் மடித்த இலை

முருகேஸ்வரி தன் மகனுடைய சாப்பாட்டுக் கடைக்குப் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனபோது உறவே வேண்டாம் என்று அறுத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை தங்க இடம் கேட்கப் போகிறாள். மூன்றே வருடத்தில் ஒருத்தியின் கழுத்து இவ்வளவு தூரம் வளைய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள் அவள். போன மாதத்தோடு ஐம்பத்தெட்டு வயது முடிந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாகக் கூப்பிடும் பேர்களில் அவள் பேர் இப்போது இல்லை. பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்து வேலையில் இருந்தால் அவர் பேருக்கு மாற்றிக்கொண்டு அதே அடுப்பில் உலை வைக்கலாம். முருகேஸ்வரியின் புருஷன், மகன் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டான். இருப்பது மகன் அருண்பாண்டி ஒருவன்தான். அவன் தோட்டத்தை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆபீசில் நல்ல விதமாகத்தான் சொன்னார்கள், மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிடு என்று.

வாடகைக்கு ஓர் அறை பிடிக்க முடியாதா என்றால் முடியும்தான். ஆனால் லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள் அவள். முன்பின் தெரியாத இடத்தில் தனியாகச் செத்துக் கிடந்து, நாலு நாள் கழித்துக் கதவை உடைத்துத் தூக்குவார்களே, அதுதான் அவளுக்குப் பயம். தம்பி மொக்கையன் தேனிப் பக்கம் மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறான். அவனிடம் முதலில் கேட்டாள். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன் அக்கா என்றான். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பதே இல்லை.

யாருக்காக மகனை அறுத்தாளோ அந்தத் தம்பி இவன்தான். இதை நினைக்கும்போதெல்லாம் முருகேஸ்வரிக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அருண்பாண்டி துபாய்க்குப் போய் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தான். அது எரித்திரியா நாட்டுக் குடும்பம் ஒன்று நடத்திய சின்ன ஓட்டல். அப்படி ஒரு நாடு ஆப்பிரிக்காவில் செங்கடல் ஓரமாக இருப்பது லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவினவன் அடுப்படிக்குப் போனான், அடுப்படியில் இருந்த முதலாளி மகளைக் கல்யாணமும் செய்துகொண்டான். பேர் செனாயித். மொக்கையனின் மகள் மௌனிகாவை அருண்பாண்டிக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தது. மாமன் மகளை விட்டுவிட்டு எவளையோ கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்த அன்று, மொக்கையன் லயத்து வாசலில் நின்று அக்காவைப் பேசின பேச்சை வரிசை முழுக்க வெளியே வந்து கேட்டது.

அப்புறம் செனாயித்தின் அப்பா இறந்துபோனார், துபாய் ஓட்டலும் மூடியது. இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டார்கள். மூணாறிலிருந்து சின்னக்கானல் வரும் சாலையில் ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, அஸ்மரா என்று அவள் ஊர்ப் பேரைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேசை ஐந்து. அவள் சமைப்பாள், அவன் பரிமாறுவான், கூட்டம் அதிகமானால் அவனும் கரண்டி பிடிப்பான். புதுசாக ஏதாவது தின்று பார்த்துப் படம் எடுத்துப் போடும் சுற்றுலாக்காரர்களை நம்பி ஓடுகிற பிழைப்பு.

கடை திறந்த அன்று மகன் வந்து அழைத்தான். முருகேஸ்வரி தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். மொக்கையன் தண்ணீர்கூடத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்ததைப் போல ஒரு பின்னல் மேசை, அதன்மேல் அகலத் தட்டு. தட்டை மறைத்து, ஓட்டை ஓட்டையாக, பெரிய தோசை ஒன்றை விரித்து, அதன்மேல் கறி, பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை என்று அங்கங்கே வைத்திருந்தது. அதற்குத் தைத்தா என்று பேராம். ஒரே தட்டில் எல்லோரும் கைவைத்துச் சாப்பிட வேண்டுமாம். ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த தைத்தாவைப் பிய்த்து, அதில் கறியை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த செனாயித் மாமியாருக்கு ஊட்ட வந்தாள். அது அவர்கள் ஊர் மரியாதை. முருகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு சுருளில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். தட்டில் அடியில் விரித்திருந்த பெரிய தைத்தாவை இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மடித்துத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

நல்ல விருந்தில் சாப்பிட்டவர்கள் இலையைத் தங்களைப் பார்த்து மடிப்பார்கள், உறவு தொடரட்டும் என்று. சாவு வீட்டுச் சாப்பாட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள், இந்தத் துக்கத்துக்கு இனி வரக்கூடாது என்று. எனக்கு நீ செத்தவன், இது உன் பதினாறாம் நாள் சோறு என்று வாயைத் திறக்காமல் மகனிடம் சொல்லிவிட்டு வந்தாள் முருகேஸ்வரி. அடியில் கிடந்தது தின்கிற பண்டம் என்பதுகூட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. இலைக்குப் பதிலாக விரித்தது என்றே நினைத்தாள். மொக்கையனுக்கு மனசு குளிர்ந்தது. வரும் வழியெல்லாம் அக்காவைப் புகழ்ந்துகொண்டே வந்தான். அருண்பாண்டியின் முகம் வெளுத்ததை மட்டும் அவள் பார்த்தாள். அதற்குப் பின்னால் அவன் லயத்துப் பக்கம் வரவே இல்லை.

இப்போது பக்கத்து வீட்டு சாந்தம்மாள்தான் தள்ளிவிட்டாள். பெத்த பிள்ளையிடம் கேட்பதற்கு என்ன வெட்கம், போய்க் காலில் விழுந்தாலும் தப்பில்லை என்றாள். சாந்தம்மாளுக்கு என்ன, அவள் மருமகள் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள், வீடு போகாது. முருகேஸ்வரி நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கால் கிலோ தேயிலைத்தூளைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் ட்ரிப் ஜீப்பில் ஏறினாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

கடையில் சாப்பாட்டுக் கூட்டம் போயிருந்தது. அருண்பாண்டி மேசை துடைத்துக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டான்.

"வாங்க. உக்காருங்க" என்றான்.

லயத்தில் எந்தப் பிள்ளை அம்மாவை வாங்க போங்க என்கிறது? வாடி போடி என்று அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்துவிட்டு அவன் டம்ளரில் தண்ணீர் வைத்தான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து செனாயித் வந்தாள். வந்தவள் நிற்காமல் நேராக வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டு, இந்தத் தோளும் அந்தத் தோளும் இடிக்க மாறி மாறி அணைத்தாள். மூன்று வருடத்தில் தமிழ் பேசப் பழகியிருந்தாள்.

"அத்தை, எவ்வளவு நாள். நான் இவர்கிட்ட டெய்லி கேக்குறேன், அத்தை எப்ப வருவாங்க."

முருகேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓரக்கண்ணால் பார்ப்பாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவளை மருமகள் கையைப் பிடித்து அதே பின்னல் மேசைக்கு அழைத்துப் போனாள். சாப்பிட்டாகிவிட்டது என்ற பொய்யை அவள் காதில் வாங்கவே இல்லை. கால் மணி நேரத்தில் தட்டு வந்தது. அருண்பாண்டியையும் இழுத்து உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள். முதல் விள்ளலை மாமியார் வாய்க்குக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை முருகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

கேப்பை. புளிக்க வைத்த கேப்பை மாவு. அவர்கள் ஊர்த் தானியம் இங்கே கிடைக்காததால் கேப்பையில்தான் மாவு கரைக்கிறேன் என்று செனாயித் சொன்னாள். பிறந்ததிலிருந்து கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்தவள் முருகேஸ்வரி. அன்றைக்கும் இதுதானே வாயில் பட்டிருக்கும், தம்பி முகத்தைப் பார்த்த அவசரத்தில் என்ன தின்கிறோம் என்பதே தெரியாமல் எழுந்து வந்திருக்கிறாள். கறி நல்ல காரம். பசி என்று அதுவரை தெரியாத பசி எடுத்தது. மூன்று கையும் ஒரே தட்டில் போய் வந்தன. மகனின் கை ஒருமுறை அவள் கையில் இடித்தது. அவன் இழுத்துக்கொண்டான்.

சுருள்கள் தீர்ந்தன. அடியில் விரித்த தைத்தா எல்லாக் குழம்பும் இறங்கிச் சிவந்து ஊறிக் கிடந்தது. முருகேஸ்வரி அதில் கையை வைக்கப் போனாள். செனாயித் சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு இரண்டு கையாலும் அந்தத் தைத்தாவைத் தன் பக்கத்திலிருந்து பக்குவமாகத் தூக்கி, எதிர்ப்பக்கமாக மடித்து, மாமியார் முன்னால் தள்ளி வைத்தாள்.

முருகேஸ்வரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். நிமிர்ந்து மருமகள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு நீங்க எனக்குக் குடுத்தீங்க. இன்னிக்கு நான் உங்களுக்கு."

அடியில் கிடக்கும் தைத்தாதான் அந்தச் சாப்பாட்டிலேயே ருசியான பங்காம். அவள் வீட்டில் அக்கா தங்கைகள் அதற்கு அடித்துக்கொள்வார்களாம். முதல் நாள் வந்த மாமியார், தான் ஒரு விள்ளல் மட்டும் தின்றுவிட்டு, அந்தப் பங்கைத் தொடாமல் அழகாக மடித்துத் தன் பக்கம் நகர்த்திவிட்டுப் போனதை அவள் மறக்கவே இல்லையாம். அன்றைக்கு முழுவதையும் அவள்தான் தின்றாளாம். தமிழ் ஆட்கள் பிரியத்தை இப்படித்தான் காட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டு, பிடித்த விருந்தாளிக்கெல்லாம் இப்போது அப்படியே மடித்துக் கொடுக்கிறாளாம். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் பாதியில் எழுந்து கோபமாகப் போய்விட்டாராம். அவருக்குப் புளிப்பு ஆகவில்லை போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

முருகேஸ்வரி மகனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் இத்தனை நாளும் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. தான் செய்த காரியத்தின் அசிங்கம் முழுசாகத் தெரிந்ததும் அப்போதுதான். மடித்ததைப் பிரித்து, பிய்த்துப் பிய்த்து, ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

தின்று முடித்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் அகப்படாத பேச்சு தானாக வந்துவிட்டது. வேலை முடிந்ததையும் சாவி கேட்பதையும் சொன்னாள். மேலே சொல்ல விடாமல் செனாயித் பின்பக்கம் கையைக் காட்டினாள். பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது, மாவு மூட்டையை எடுத்துவிட்டால் கட்டில் போடலாம், ஜன்னல் இருக்கிறது, வெயில் வரும் என்றாள். எனக்கு அம்மா இல்லை, நீங்கள் இங்கேயே இருங்கள் என்றாள். புருஷனைக் கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே ஓடினாள். பச்சைக் காப்பிக் கொட்டையைச் சட்டியில் போட்டு வறுக்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் வெளிய வா" என்றான் அருண்பாண்டி.

வா என்று அவன் சொன்னதில் முருகேஸ்வரிக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. பின்னாலேயே போனாள். சாலைக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பலகைக்குக் கீழே நின்று மெதுவாகத்தான் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் அவளும் பதிலுக்குப் பேசியிருப்பாள்.

"நீ மடிச்சது என்னன்னு அவகிட்ட நான் சொல்லல. அவளா ஒண்ணு நெனச்சுக்கிட்டா, நான் கலைக்கல. இந்த ஊருல அவளுக்குன்னு இருக்கற ஒறவு அந்த ஒரு மடிப்புதான்ம்மா. அத வச்சுத்தான் மூணு வருஷமா இங்க கெடக்குறா."

"தப்புதான்யா. நான் பண்ணது தப்புதான்."

"நீ இங்க வந்து இருந்தா ஒன் வாயி பத்து நாளு தாங்காது. நீ அடக்கிக்கிட்டாலும் ஒன்னயப் பாக்க லயத்துலருந்து வர்ற சனம் சொல்லிரும். அன்னிக்கு எதைத் தின்னோம்னு அவளுக்குத் தெரிஞ்சா, அப்புறம் அவளுக்கு நீயும் இல்ல, நானும் இல்ல."

அறை ஒன்று வேறே எங்காவது பார்த்துக் கொடுக்கிறேன், மாதா மாதம் ஆகிற செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கே மட்டும் வேண்டாம் என்றான். முருகேஸ்வரி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒத்தையில எங்கலே கெடப்பேன்?"

அவன் கையை உதறவில்லை.

"அவ மனசுல ஒரு மாமியா இருக்கா. நல்லவ. அவ இருந்துட்டுப் போகட்டும்மா."

உள்ளேயிருந்து செனாயித் கூப்பிட்டாள். வறுத்த கொட்டையின் புகையை விருந்தாளியின் முகத்துக்கு நேரே காட்டுவது அவர்கள் வழக்கம். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். முருகேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று.

காப்பி மூன்று சுற்று குடிக்க வேண்டுமாம். மண் கூஜாவிலிருந்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில், பக்கத்தில் சோளப்பொரியோடு வந்தது. முதல் சுற்றில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று செனாயித் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் நாளைக்கே ஜீப் வைத்துச் சாமான்களை எடுத்துவரலாமா என்று புருஷனைக் கேட்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான். முப்பத்தெட்டு வருடம் கங்காணி, சூப்பர்வைசர் எல்லோரையும் வாயாலேயே ஜெயித்தவள், மருமகளுக்குச் சொல்ல ஒரு பொய்யைத் தேடினாள்.

"வேணாம்மா. ஒன்கிட்ட மறந்தே போனேன் பாரு. அந்த வீட்ட எனக்கே விட்டுத் தாரோம்னு கம்பெனில சொல்லிருக்காக. காலம் முழுக்க இருந்துக்கலாம். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."

செனாயித்தின் முகம் விழுந்தது. அப்படியானால் நல்லதுதான் என்றாள், ஆனால் அந்த அறையை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றாள். மூன்றாவது சுற்று ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் போகக் கூடாது என்று ஊற்றினாள். முருகேஸ்வரி அதையும் குடித்தாள். பையில் கொண்டுவந்த தேயிலைத்தூளை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள்.

ஜீப் வந்தபோது செனாயித் வெள்ளித்தாள் பொட்டலம் ஒன்றோடு ஓடிவந்தாள். ராத்திரிக்கு அடுப்பு மூட்ட வேண்டாமாம். அருண்பாண்டி வாசலில் நின்று, போயிட்டு வாங்க என்றான். பெண்டாட்டி பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ மரியாதை திரும்பிவிட்டது.

ஜீப்பில் பக்கத்தில் இருந்த பெண், வாசனையாக இருக்கிறதே, என்ன என்று கேட்டாள். மருமகள் கொடுத்தது என்று முருகேஸ்வரி சொன்னாள். அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

மடியில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். குழம்பில் ஊறிய இன்னொரு தைத்தா, அதே மாதிரி எதிர்ப்பக்கம் மடித்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, மடிப்பைப் பிரித்து, நல்ல வீட்டில் சாப்பிட்டவர்கள் மடிப்பதைப் போலத் தன்னைப் பார்த்து மடிக்கப் பார்த்தாள். ஊறிப்போன தைத்தா பழைய மடிப்பிலேயே இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது.